உரிமத்தில் மட்டும் மிஞ்சிய ஊர்

2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஆலன் மீடியா குழுமம் ஒரு முடிவெடுத்தது. தன் கையிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தவர்களை வேலையை விட்டு அனுப்பிவிடுவது, அந்த ஊர்களுக்கெல்லாம் அட்லாண்டாவிலுள்ள தன் வெதர் சேனலிலிருந்தே வானிலை சொல்லிவிடுவது. கணக்குப் பார்ப்பவருக்கு இதில் குறை தெரியாது. செயற்கைக்கோள் படம் எல்லாருக்கும் பொது, ரேடார் தரவை அரசாங்கம் தருகிறது, அட்லாண்டாவில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். நிருபர்களும் ஒளிப்பதிவாளர்களும் கொத்துக்கொத்தாக வேலையிழந்தபோதெல்லாம் பெரிதாக வாய் திறக்காத ஊர்கள், வானிலைக்காரர் மேல் கை வைத்ததும் எழுந்துகொண்டன. சில நாட்களிலேயே பல ஊர்களில் குழுமம் பின்வாங்கியது. அதே ஆண்டு நடுவில் நிலையங்களையே விற்பனைக்கு வைத்தது. அவற்றில் பத்தைச் சுமார் 17 கோடி டாலருக்கு வாங்குவதாக கிரே மீடியா நிறுவனம் ஆகஸ்டில் அறிவித்தது.

வானிலைக்காரருக்காக ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் மிசிசிப்பி மாநிலத்தின் வடகிழக்கு மூலைக்குப் போக வேண்டும். 2023 மார்ச் 24 இரவு அந்த மாநிலத்தைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு டொர்னாடோக்கள் போயின. ரோலிங் ஃபோர்க் என்ற சிற்றூர் ஏறக்குறைய தரைமட்டமானது. அடுத்து ஏமரி. டுபெலோ நகரின் டபிள்யூடிவிஏ நிலையத்தில் வானிலைக்காரர் மேட் லாபன் ரேடார் திரையைப் பார்த்தபடி தெருத்தெருவாக எச்சரித்துக்கொண்டிருந்தார். சுழல் நேராக ஏமரியை நோக்கித் திரும்பியதைக் கண்டதும் ஒரு கணம் பேச்சு நின்றது. நேரலையிலேயே தலைகுனிந்து அந்த மக்களைக் காப்பாற்றும்படி ஒரு வரி வேண்டிவிட்டு, மறுபடி எச்சரிக்கைக்குத் திரும்பினார். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. டபிள்யூடிவிஏவும் அப்போது ஆலன் குழுமத்து நிலையம்தான். அட்லாண்டாவிலிருக்கும் நிபுணருக்கும் ரேடாரில் அதே சிவப்புத் திட்டுதான் தெரிந்திருக்கும். அதன் கீழே யார் யார் வீடு என்பது தெரிந்திருக்காது.

இதை முழுதாகப் புரிந்துகொள்ள, அமெரிக்கத் தொலைக்காட்சி நம்முடையதைப் போல அமைந்ததல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியபோதும் சரி, 1990களில் தனியார் சேனல்கள் வானிலிருந்து இறங்கியபோதும் சரி, நமக்கு டிவி என்பது மாநிலத்துக்கு ஒன்றாகவோ நாட்டுக்கு ஒன்றாகவோதான் வந்தது. ஊர்ச் செய்தி என்பது கேபிள்காரர் தன் பங்குக்கு நடத்தும் சேனலில் கோயில் திருவிழாவுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் எப்போதாவது எட்டிப்பார்ப்பது. அமெரிக்காவில் ஆரம்பமே வேறு. அங்கே ஒளிபரப்பு உரிமம் தரப்படுவது ஓர் ஊரின் பெயரில்.

அது தற்செயலாக நடந்ததல்ல. 1948இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் புதிய நிலையங்களுக்கு உரிமம் தருவதை நிறுத்திவைத்து, நாட்டின் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நான்காண்டு யோசனைக்குப் பிறகு 1952 ஏப்ரலில் வெளிவந்த பட்டியலில் 1,291 ஊர்களுக்கு 2,053 அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. சில பெரிய கோபுரங்களை நட்டு, பரந்த வட்டாரங்களுக்கு ஒளிபரப்புவது மலிவாக இருந்திருக்கும். மக்களுக்கு அதிக சேனல்களும் கிடைத்திருக்கும். அதைத் தள்ளிவிட்டு ஊருக்கு ஊர் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்களின் மேலிருந்த பாசம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினருக்கும் தன் தொகுதியில் ஒரு நிலையம் இருப்பது இனித்திருக்கும். எப்படியானாலும் பேரம் இதுதான்: அலைவரிசை மக்களுடையது, அதை இலவசமாகத் தருகிறோம், பதிலுக்கு நீ அந்த ஊருக்குப் பயன்பட வேண்டும். 1934ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் ‘பொதுநலம்’ என்ற பொத்தாம்பொதுவான சொல்லில் அடக்கியிருந்தது.

பேரத்தின் முதல் பலன்களில் ஒன்று துயரமானது. 1949 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே சான் மரினோவில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கைவிடப்பட்ட கிணற்றுக் குழாய்க்குள் விழுந்தாள். கேடிஎல்ஏ நிலையம் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல் நேரலை செய்தது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் கடை ஜன்னல்களின் முன் நின்று பார்த்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றி நின்ற கேமராக்களைப் பார்த்தபடி தூங்காமல் கிடந்த நமக்கு, அந்த இரவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உள்ளூர்ச் செய்தி அமெரிக்காவில் பெரிய வியாபாரமானது அதற்குப் பின்னர்தான். முதலில் அது உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டும் வரிபோல, கால் மணி நேரம் ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பதாக இருந்தது. 1965இல் பிலடெல்ஃபியாவின் கேஒய்டபிள்யூ நிலையத்தில் ஆல் பிரிமோ என்ற செய்தி இயக்குநர், நிருபர்களையே திரையில் தோன்றிச் சொந்தக் குரலில் சொல்ல வைத்தார். ‘கண்கண்ட சாட்சி’ என்ற பொருள் தரும் அந்தச் செய்தியறிக்கையின் பாணி நாடெங்கும் தொற்றியது. எழுபதுகளின் நடுவில் ஃபிலிம் போய் வீடியோ நாடா வந்தது, ஆய்வகத்தில் படச்சுருளைக் கழுவிக் காத்திருக்கும் வேலை ஒழிந்தது. விளம்பரதாரர்கள் மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றார்கள். பல நிலையங்களில் நூறு டாலர் வருமானத்தில் நாற்பது டாலர் லாபம் என்பது சாதாரணமாயிற்று. நாடு முழுவதுக்குமான நிகழ்ச்சிகளை நிலையங்களுக்குத் தரும் நெட்வொர்க்கிலிருந்து வரும் நாடகத்தின் லாபத்தில் பெரும்பங்கு நியூயார்க்குக்குப் போகும். உள்ளூர்ச் செய்தியின் லாபம் முழுக்க நிலையத்துக்கே.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பார்வையாளர் எண்ணிக்கையை உயர்த்தித் தருகிறோம் என்று வந்த ஆலோசகர்கள், நகராட்சிக் கூட்டத்தைக் குறைத்து கொலையையும் தீ விபத்தையும் கூட்டச் சொன்னார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி மேசை, ஒரே மாதிரி ஆண் பெண் இணை, ஒரே மாதிரி சிரிப்பு. கறுப்பினத்தவர் வாழும் பகுதி செய்தியில் வந்தால் அது குற்றச் செய்தியாகத்தான் வரும் என்ற வழக்கம் பல நகரங்களில் ஊறிப்போயிருந்தது. ஊர்க்காரன் கையில் இருந்தாலே ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு வலுவான மறுப்பும் மிசிசிப்பியிலேயே இருக்கிறது.

அந்த மாநிலத்தின் தலைநகர் ஜாக்சனில் இயங்கிய டபிள்யூஎல்பிடி நிலையத்தை நடத்தியவர்கள் அசல் ஊர்க்காரர்கள். மேலாளர் ஃபிரெட் பியர்ட், வெள்ளை ஆதிக்கத்துக்காகப் போராடிய குடிமக்கள் கவுன்சிலின் உறுப்பினர். 1955இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் நெட்வொர்க் நிகழ்ச்சியில் தோன்றியபோது ஜாக்சனில் திரை மறைந்து, கேபிளில் கோளாறு என்ற அட்டை வந்தது. கோளாறு எதுவும் இல்லை. நிலையத்தின் ஒளிபரப்பு எட்டும் பகுதியில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர். திரையில் அவர்கள் இல்லை. ஆணையத்தின் நெருக்குதலுக்குப் பிறகு 1963 மே 20 அன்று குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸுக்கு மேயருக்குப் பதில் சொல்லப் பதினேழு நிமிடம் கிடைத்தது. அவர் முகம் மாநிலம் முழுவதும் தெரிந்தது அன்றுதான். மூன்று வாரம் கழித்து, ஜூன் 12 அதிகாலை, வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார்.

அடுத்த ஆண்டு எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார் ஒரு காரியம் செய்தார். ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் தகவல்தொடர்புப் பிரிவை நடத்திவந்தவர் அவர். 1964 மார்ச் முதல் வாரம் முழுக்க அந்த நிலையத்தின் ஒளிபரப்பை உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு நிமிடம் நிமிடமாகக் குறிப்பெடுக்க வைத்தார். அவர்கள் பெயர் வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் எல்லாம் ரகசியமாக நடந்தது. அந்தக் குறிப்புகளோடு, ஏரன் ஹென்றி, ராபர்ட் ஸ்மித் ஆகிய உள்ளூர்த் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு, உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஆணையத்தில் மனுப் போட்டார். பார்வையாளருக்கு வழக்காட உரிமையில்லை, அலைவரிசை மோதினாலோ பணநஷ்டம் ஏற்பட்டாலோதான் வரலாம் என்றது ஆணையம். 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. தீர்ப்பு எழுதியவர் பிற்பாடு தலைமை நீதிபதியான வாரன் பர்கர். தாராளவாதி என்று யாரும் அவரைக் குற்றம்சாட்ட முடியாது. ஆணையம் அசராமல் மறுபடியும் உரிமத்தைப் புதுப்பித்தது. 1969இல் நீதிமன்றம் பொறுமையிழந்து உரிமத்தையே ரத்து செய்தது. 1971இல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த இடைக்கால நிர்வாகம் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டு வில்லியம் டில்டே பொது மேலாளரானார். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையமொன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

உள்ளூர்த் தொலைக்காட்சி பற்றிய எந்தப் பேச்சையும் இந்த வழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாளி உள்ளூரா வெளியூரா என்பது இரண்டாவது கேள்வி. அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே முதல் கேள்வி. ஜாக்சன் வழக்குக்குப் பிறகு கொஞ்ச காலம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க வரும்போது, ஊரிலுள்ள பலதரப்பட்டவர்களைச் சந்தித்து இந்த ஊரின் பிரச்சினைகள் என்ன, அவற்றுக்காக என்ன நிகழ்ச்சி போட்டோம் என்று நிலையம் எழுதிக்காட்ட வேண்டியிருந்தது. பல மேலாளர்களுக்கு அது வெறும் சடங்குதான். ஆனாலும் ஆசிரியர் சங்கத் தலைவரும் திருச்சபைப் பெரியவரும் மேலாளரின் எதிரே உட்கார்ந்து பேச அந்தச் சடங்கு வழி செய்தது.

பிறகு இந்த விதிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்கள். அதிபர் ரீகன் நியமித்த ஆணையத் தலைவர் மார்க் ஃபவுலர், தொலைக்காட்சியும் வீட்டுச் சாதனங்களில் ஒன்றுதான், படம் காட்டும் டோஸ்டர் என்றார். 1981இல் உரிம காலம் ஐந்தாண்டாக நீண்டது; புதுப்பிக்கும் விண்ணப்பம் அஞ்சலட்டை அளவுக்குச் சுருங்கியது. 1984இல் ஊர்ப் பிரச்சினைகளைக் கேட்டறியும் விதி போயிற்று. ஒருவர் ஏழு நிலையம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது பன்னிரண்டானது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கை வரம்பையே எடுத்துவிட்டு, நாட்டின் வீடுகளில் 35 விழுக்காட்டை எட்டலாம் என்றது. உரிம காலம் எட்டாண்டு. 2004இல் வரம்பு 39 விழுக்காடு. அதற்குள்ளும் ஒரு சந்து உண்டு: யுஎச்எஃப் அலைவரிசை நிலையங்களைப் பாதிக் கணக்கில் சேர்க்கலாம். ஆன்டெனாவில் அந்த அலைவரிசை மங்கலாகத் தெரிந்த காலத்துச் சலுகை அது. ஒளிபரப்பு டிஜிட்டலான பிறகு அர்த்தமற்றுப்போனது. 2016இல் நீக்கினார்கள், மறு ஆண்டே மீட்டுக் கொடுத்தார்கள்.

இந்தப் பட்டியலில் என்னை மிகவும் உறுத்துவது, செய்தியாக அதிகம் பேசப்படாத ஒன்று. 2017 அக்டோபரில் ஆணையம், நிலையம் தன் உரிம ஊரிலோ அருகிலோ ஒரு ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை ரத்து செய்தது. அதுவரை வேலை நேரத்தில் ஒரு மேலாளரும் ஒரு பணியாளருமாவது அங்கே இருந்தாக வேண்டும். ஊர்க்காரர் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்க வேண்டும். இணையம் வந்துவிட்டது, மின்னஞ்சல் இருக்கிறது, எதற்குக் கட்டடம் என்பது நியாயம்போலத்தான் ஒலித்தது. ஆக, ஓர் ஊரின் பெயரில் வாங்கிய உரிமத்தை அந்த ஊரில் கால் வைக்காமல் நடத்துவது சட்டப்படி சரி. அதே ஆண்டு முடிந்த அலைக்கற்றை ஏலத்தில், இலவசமாகப் பெற்ற அலைவரிசைகளைத் திருப்பிக் கொடுத்ததற்காக நிலைய உரிமையாளர்களுக்குக் கிடைத்த தொகை சுமார் 1,000 கோடி டாலர்.

யூடியூபும் ஃபேஸ்புக்கும் விளம்பரத்தைத் தின்றுவிட்டன, அதனால்தான் ஆட்குறைப்பு என்பது தொழிலின் விளக்கம். பொய்யில்லை. 2025 மே மாதத்தில் அமெரிக்கர்கள் டிவி பார்த்த நேரத்தில் 44.8 விழுக்காடு ஸ்ட்ரீமிங்குக்குப் போனது. கேபிளும் ஒளிபரப்பும் சேர்ந்து 44.2. நீல்சன் கணக்கில் முதன்முறையாகத் தராசு சாய்ந்தது. ஆனால் இதை மட்டும் சொன்னால் கதையில் பாதி மறைந்துவிடும். 1992ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், தங்கள் ஒளிபரப்பை எடுத்துக் கொடுப்பதற்குக் கேபிள் நிறுவனங்களிடம் நிலையங்கள் கட்டணம் கேட்கலாம் என்றது. சில்லறையாகத் தொடங்கிய அந்த மறு ஒளிபரப்புக் கட்டணம் ஆண்டுக்கு 1,000 கோடி டாலரைத் தாண்டி வளர்ந்தது. கூடவே, இரட்டைப்படை ஆண்டுகளில் தேர்தல் விளம்பரம் கொட்டும்; 2010இல் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களின் தேர்தல் செலவுக்கு வரம்பில்லை என்றதும் அது வெள்ளமானது. செய்தித்தாள்கள் செத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் டிவி முதலாளிகள் கையில் பணம் இருந்தது.

அதைக்கொண்டு அவர்கள் நிலையங்களை வாங்கினார்கள். கையிருப்பு போதாதபோது கடன். கட்டணப் பேரத்தில் அதிக நிலையம் வைத்திருப்பவன் அதிகம் கறக்கலாம் என்பதால் பெருத்துக்கொண்டே போவதுதான் தொழில் தர்மமானது. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் ஒரே நிலையத்தோடு 1996இல் பெரி சூக் தொடங்கிய நெக்ஸ்டார், 2019இல் டிரிப்யூனை வாங்கி நாட்டிலேயே பெரியதானது. அதே ஆண்டு கிரே நிறுவனம் ரேகாமை விழுங்கியது. அதில் ஜாக்சனின் டபிள்யூஎல்பிடியும் அடக்கம். சின்க்ளேர் நிறுவனம் இன்னும் துணிச்சலாக, வட்டார விளையாட்டுச் சேனல்களை ஆயிரம் கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அந்தச் சேனல்களை நடத்திய டைமண்ட் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அந்த வசந்தத்திலேயே சின்க்ளேர், ஓஹையோவின் டொலீடோ, ஓரிகனின் மெட்ஃபர்ட் போன்ற ஊர்களில் செய்திப் பிரிவுகளை மூடி, தன் தேசியச் செய்தியறிக்கையை அந்த இடத்தில் வைத்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு என்று நான் சாதிக்கவில்லை. மேலே சூதாட்டத்தில் விட்டதைக் கீழே சம்பளப் பட்டியலில் தேடுவது எந்தத் தொழிலிலும் புதிதல்ல.

கேபிள் இணைப்பை மக்கள் துண்டிக்கத் துண்டிக்க அந்த மறு ஒளிபரப்புக் கட்டணமும் வற்றுகிறது. வருவதிலும் பெரும்பங்கை நெட்வொர்க்குகள் திருப்பி வாங்கிக்கொள்கின்றன. முன்பு தம் நிகழ்ச்சியை ஒளிபரப்புவதற்காக நிலையங்களுக்குப் பணம் கொடுத்தவை அவை. கடனுக்கு வட்டி மட்டும் குறையாமல் நிற்கிறது.

நிலையத்துக்குள் இது எப்படி வந்து சேர்கிறது? நிருபர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் என்று மூவர் போன இடத்துக்கு இன்று ஒருவர் போகிறார். வண்டி ஓட்டி, முக்காலி நிறுத்தி, தன்னைத்தானே படம் பிடித்து, எடிட் செய்து அனுப்புவதும் அவரே. 2022 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவில் தண்ணீர்க் குழாய் உடைந்ததைப் பற்றித் தனியாக நேரலையில் பேசிக்கொண்டிருந்த பெண் நிருபரை ஒரு கார் இடித்துத் தள்ளியது. விழுந்தவர் எழுந்து, கேமராவைச் சரிசெய்துகொண்டு, பேச்சைத் தொடர்ந்தார். அவரது தைரியத்தைப் புகழ்ந்து லட்சக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். தூக்கிவிடக் கூட ஆளில்லாமல் போனது ஏன் என்று கேட்டவர்கள் பெரும்பாலும் அதே தொழிலில் இருப்பவர்கள். ஸ்டுடியோவில் கேமராக்களை இயந்திரம் நகர்த்துகிறது. ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறை வேறு மாநிலத்தில். 2018இல் சின்க்ளேரின் பல பத்து நிலையங்களில் வாசிப்பாளர்கள் ஒரே அறிக்கையைச் சொல் பிசகாமல் வாசித்ததை யாரோ ஒன்றாக ஒட்டிக் காட்டியபோது நாடே அதிர்ந்தது. எழுதியவர் அந்த ஊர்களில் இல்லை என்பதில் அதிர என்ன இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

வேலையிழந்தவர்களில் சிலர் தனியாக யூடியூப் சேனல் தொடங்கியிருக்கிறார்கள். வானிலை சொல்பவர்களுக்கு அது ஓரளவு கைகொடுக்கிறது. புயல் இரவில் ஆயிரக்கணக்கானோர் கைபேசியில் அவர்களைத் தேடிப் பார்க்கிறார்கள். பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அப்படி யாரும் சந்தா கட்டுவதில்லை. அவர் சம்பளம் எப்போதும் புயலும் விளையாட்டும் கொண்டுவந்த விளம்பரக் காசிலிருந்துதான் போனது. ஒன்றின் வருமானம் மற்றொன்றைத் தாங்கிய அந்த ஏற்பாடு அறுந்ததுதான் இந்தச் சரிவில் மிகக் குறைவாகப் பேசப்படும் நஷ்டம்.

2025 ஆகஸ்டில், டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக நெக்ஸ்டார் அறிவித்தது. அறிவிப்பின்படி இரண்டும் சேர்ந்தால் 265 நிலையங்கள், 44 மாநிலங்கள், நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு. அப்போது சட்டத்தில் இருந்த வரம்பு 39. ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டாலர் ஆதாயம் கிடைக்கும் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார்கள். ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்களுக்கும் நிலையம் இருக்குமிடங்களில் அந்த ஆதாயத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வரும் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அறிவிப்பைப் படிக்காமலே தெரியும்.

அடுத்த உரிமப் புதுப்பிப்புச் சுற்று 2028இல் தொடங்குகிறது. மிசிசிப்பியின் முறை 2029இல் வரும். பார்க்கரின் வழக்கில் கிடைத்த உரிமை இன்னும் ரத்தாகவில்லை. எந்தப் பார்வையாளரும் ஆணையத்தில் மனுப் போடலாம், எங்கள் ஊர் நிலையத்தில் எங்கள் ஊர்ச் செய்தி இல்லை என்று வாரக்கணக்கில் குறிப்பெடுத்து நிரூபிக்கவும் செய்யலாம். 1964இல் அப்படி நிரூபித்தவர்களுக்கு, மீறப்பட்டதாகச் சுட்டிக்காட்ட விதிகள் இருந்தன. உள்ளூர்ச் செய்தி தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி இன்று இல்லை. உள்ளூரில் ஆள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2017க்குப் பிறகு இல்லை.